மலையை இழுத்து வந்த சக்கரம்

நம்புகிறவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். நம்பாதவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், விழுந்தால் அடிபடாது.

சிறுமலை அடிவாரத்துச் சவரிமுத்து டயர் கடை முன்னால் ஜெயக்கொடி தன் பிக்கப் வண்டியை நிறுத்தியபோது மதியம் தாண்டிவிட்டது. மலை மேல் அவள் தோட்டத்துப் பலாவெல்லாம் பழுத்து வெடிக்கிற பருவம். தோட்டத்துக்குப் போகிற மண்பாதையோ மழையில் களியாய்க் கிடக்கிறது. இன்றைக்கு ஏறி இறக்காவிட்டால் அத்தனையும் குரங்குக்கும் ஈக்கும்தான். வண்டி டயர் நாலும் சுத்த மொட்டை. சந்தனம் பூசாததுதான் குறை.

“சேத்துல வழுக்காம பிடிக்கிற பட்டன் டயர் நாலு மாட்டுங்கண்ணே. பழைய அளவே இருக்கட்டும்.”

சவரிமுத்துவின் கண் கடை மூலைக்குப் போனது. அங்கே நாலு ராட்சதச் சக்கரம், வெள்ளியாய் மினுங்கும் அலாய் வீலோடு, வாங்க ஆளில்லாமல் நின்றன.

“அதைப் போடு தங்கச்சி. வண்டி யானை மாதிரி நிக்கும்.”

“நிக்கிறதுக்கா வாங்குறேன்? கொண்டை ஊசி வளைவுல திருப்பினா மட்கார்டுல உரசும்.”

“அதோட கதை தெரியாமப் பேசுற. சொல்றேன் கேளு. நடுவுல ‘பொய்’யின்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தச் சக்கரம்தான். சொல்லலேன்னா நீ கேட்டது.”

வேறு கடைக்குத் திண்டுக்கல் போகணும், திரும்புவதற்குள் இருட்டிவிடும். “சரி, ஆனா நான் கதை சொன்னா உங்களுக்கும் அதே சட்டம்,” என்றாள்.

“நீ என்ன பெரிசா சொல்லிடப் போற,” என்று சிரித்தார் சவரிமுத்து. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒச்சப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதே சக்கரத்தை என் வண்டியில மாட்டி ஏறினேன்,” என்று ஆரம்பித்தார் சவரிமுத்து. “பிடின்னா அப்படி ஒரு பிடி. தார் ரோடு தோசை மாதிரி உரிஞ்சு டயர்ல சுத்திக்கிச்சு. மேல போய்த் திரும்பிப் பார்த்தா ரோடே இல்ல.”

“பிறகு எப்படிண்ணே இறங்குனீங்க?” என்றார் ஒச்சப்பன்.

“ரிவர்ஸ்லதான். பாய் விரிக்கிற மாதிரி விரிஞ்சுக்கிட்டே வந்துச்சு.”

ஜெயக்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மறுநாள் சேத்துல நின்னு ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன். டயர் மண்ணை விடல. வண்டி நகரல, மலை நகர்ந்துருச்சு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துட்டேன். சனம் ஸ்வெட்டருக்கு அலையுது. குரங்கெல்லாம் மதுரை பஸ்ல சீட்டுப் பிடிக்குது.”

“டிக்கெட் எடுத்துச்சா?” என்றார் ஒச்சப்பன்.

“குட்டிக்கு அரை டிக்கெட். மலையைத் திரும்பக் கொண்டுபோய் விடணுமே, ரிவர்ஸ் போட்டேன். கால் ஒரு இம்மி அழுத்திருச்சு. பூமியே பின்னால சுத்துது. திங்கக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஊரே மறுபடி கறி தின்னுச்சு. மாசம் போச்சு, வருசம் போச்சு, என் மீசை உள்ள போகுது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்ததும் பிரேக் போட்டுட்டேன்.”

“அங்கேயே நின்னுருக்கலாமேண்ணே,” என்றார் ஒச்சப்பன் ஏக்கத்தோடு.

“பார்த்தேன். பொண்ணு வீட்டுக்காரங்க பந்தல் போட்டு முடிச்சுட்டாங்க.”

நாக்கு நுனிக்கு வந்துவிட்ட ‘பொய்’யை ஜெயக்கொடி விழுங்கினாள். விழுங்கிவிட்டுச் சிரித்தாள். அவர் கதையை இன்னும் நீட்டுவதற்குள் முந்திக்கொண்டாள்.

“அத்தனையும் நிசம்ண்ணே. நீங்க பிரேக் போட்ட குலுக்கல்ல என் வண்டி உருண்டு இந்த வாசல்லதான் வந்து நின்னுச்சு. அன்னைக்கும் இதே பெரிய சக்கரத்தைத்தான் மாட்டி அனுப்புனீங்க. முதல் வளைவுலயே மட்கார்டு கிழிஞ்சு திரும்பி வந்தேன். நீங்களே கழட்டிட்டு, ‘தங்கச்சி, இது மலைக்கு ஆகாது. இனி எப்ப வந்தாலும் பேசாமப் பட்டன் டயர் மாட்டுறேன்’னு சத்தியம் பண்ணீங்க. ஞாபகம் இருக்கா?”

“ப...” என்று ஆரம்பித்த சவரிமுத்து வாயை மூடினார். பொய் என்றால் சட்டப்படி அவள் கேட்ட டயர். நிசம் என்றால் சத்தியப்படி அவள் கேட்ட டயர்.

“சொல்லுங்கண்ணே,” என்றார் ஒச்சப்பன். “பொய்யா, நிசமா?”

சவரிமுத்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். கடைசி நட்டை முறுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

“அன்னைக்குத் திருப்பிக் குடுத்தப்ப அந்த வீல்ல கீறல் ஏதும் இருந்துச்சா?”

“நீங்கதான் துடைச்சுட்டீங்களே.”

புது டயர் நாலும் சரசரக்க, வண்டி முதல் வளைவில் திரும்பி மேலே ஏறியது. ஒச்சப்பன் கையை நெற்றியில் வைத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, மலை கொஞ்சங்கூட நகரலையே.”

“பட்டன் டயர்ல அதுதான்யா குறை,” என்றார் சவரிமுத்து.