வால் உள்ளே இருக்கிறதா?

மன்னார் வளைகுடாவில் ஒரு பவளப்பாறை இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் கட்டப்பட்டிருந்தன. மிதவைகளுக்கு உள்ளே இருப்பது கடல் பூங்கா. அங்கே எந்தப் படகும் வலை இழுக்கக் கூடாது.

உள்ளே இருந்த மீன்களுக்கு அதில் பெரிய பெருமை. களவா மீன் தன்னைத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டது. மஞ்சள் வயிற்றுப் பேத்தை மீன் செயலாளர் ஆனது.

ஒரு நாள் கடல்பசு ஒன்று கன்றோடு வந்து நின்றது.

"தலைவரே, நாங்கள் தின்னும் புல் மிதவைக்கு வெளியே இருக்கிறது. வலை வந்தால் என் கன்றுக்குத் தப்பத் தெரியாது. மிதவையைப் புல்லுக்கு அப்பால் தள்ளி வைக்கலாமா? அங்கே மீன் குஞ்சுகளும் நிறைய இருக்கின்றன."

"யார் பெற்ற குஞ்சுகளோ! இன்று புல் என்பாய், நாளை மணல் என்பாய்!" என்றது களவா.

கூட்டம் கூடியது. பேத்தை கோபத்தில் பந்தாக ஊதிப்போனது. அது சுருங்கும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது என்பது விதி. மாலையில் சுருங்கியதும் தீர்மானத்தை வாசித்தது.

"வால் உள்ளே இருந்தால், உடல் முழுவதும் உள்ளே இருப்பதாகவே கருதப்படும்!"

மறுநாளிலிருந்து தாயும் கன்றும் வாலைப் பூங்காவுக்குள் வைத்துக்கொண்டு வெளியே மேய்ந்தன. மூன்றே நாளில் எட்டிய புல் தீர்ந்துவிட்டது.

"எட்டவில்லை, தலைவரே!"

"கழுத்தை நீட்டு!"

"எனக்குக் கழுத்தே கிடையாதே!"

"அது உன் பிறவிக் குறை. பூங்காவின் குறை அல்ல!" என்றது பேத்தை.

பசி தாங்காத கன்று மிதவைகளைத் தாண்டிப் புல்லுக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து இழுவைப் படகின் சத்தம் கேட்டது.

புல்லுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு அலறிக்கொண்டு ஓடிவந்தது. உடம்பெல்லாம் புள்ளி. கீழுதடு தொங்கியது. எல்லோரும் அந்த உதட்டைப் பார்த்தார்கள். பிறகு தலைவரின் உதட்டைப் பார்த்தார்கள்.

"ஐயோ, என் பிள்ளை! இன்னும் எத்தனை பேர் அங்கே?"

"நாங்கள் எல்லோருமே அங்கேதான் வளர்கிறோம், அப்பா!"

"மிதவையைத் தள்ளுங்கள்! உடனே!" என்று கத்தியது களவா.

"முறைப்படி கூட்டம் போட வேண்டும்!" என்று பேத்தை ஊத ஆரம்பித்தது. ஊதி, வயிறு மேலாகப் புரண்டு, நீர்மட்டத்தில் மஞ்சளாக மிதந்தது.

கடல்பசு யோசிக்கவில்லை. பேத்தையை மூக்கால் முட்டித் தள்ளியது. களவாவும் கூடவே தள்ளியது. "விதி! விதி!" என்று கத்திக்கொண்டே பேத்தை புல்வெளிக்கு அப்பால் போய் நின்றது.

படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, மிதவையை இங்கே மாற்றிவிட்டார்களா!" என்று படகைத் திருப்பினார். வலையின் ஓரம் பட்டுக் கொஞ்சம் புல் பிய்ந்தது. கன்று தாயின் வயிற்றடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் சேர்ந்து, மிதவைகளைக் கட்டியிருந்த அடிக்கற்களைப் புல்லின் மறுகரைக்கு உருட்டினார்கள். பேத்தை மட்டும் இன்னும் சுருங்கவில்லை.

"தலைவரே, நான் இப்போது பூங்காவுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"வால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டது களவா. கேட்ட பிறகு அதற்கே வெட்கமாகிவிட்டது. பதிலுக்குக் காத்திராமல், கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி உருட்டியது.

நம் வீட்டை மட்டும் சுற்றிப் போடும் வேலி, நம் பிள்ளைகளைக்கூட வெளியே விட்டுவிடும்.