அண்ணாந்து குடித்த கோழி

பறவைகள் பேசுவது மனிதர்களுக்கும், மனிதர்கள் பேசுவது பறவைகளுக்கும் புரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கோழியும் காக்கையும் மயிலும் மைனாவும் மாடு குடிப்பதைப் போலத்தான் தண்ணீர் குடித்தன. அலகைத் தண்ணீருக்குள் வைத்தால் வயிறு நிறையும்வரை எடுப்பதில்லை. ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, இறகை உதறிக்கொண்டு தம் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

தெற்கே, கடலை எட்டுவதற்கு முன்பே மணலில் கரைந்துபோகிற ஆறு ஒன்று ஓடியது. கரையில் ஓர் ஊரும், ஊரைச் சுற்றி மருத மரங்களும் இருந்தன. மனிதர்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், குடம் குடமாக எடுத்துப் போனார்கள். பறவைகள் குடித்தன. தண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் பேசியதில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பிறகு மழை தவறியது. ஒரு வருடம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வருடமும் தவறியது. அதற்கும் அடுத்த வருடம், மேகம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதே ஊருக்கு மறந்துபோனது. ஆறு முழுக்க வெறும் மணல். சனங்கள் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் இருக்கிற சீமை தேடிப் புறப்பட்டார்கள்.

அப்படி வண்டி ஏற்றும்போதுதான் சடையன் விழுந்தான். மூட்டையோடு சரிந்ததில் வலது கால் முறிந்துவிட்டது. மூங்கில் குச்சிகளை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். ஆனால் அவனைத் தூக்கிப்போக வழியில்லை. வண்டி இழுக்கிற மாடுகளே நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று போயின.

"நீயும் போயிரு இருளாயி," என்றான் சடையன் தன் மனைவியிடம். "ரெண்டு பேரு எதுக்குச் சாகணும்? நான் இங்கேயே கிடக்கேன்."

"சாகுற பேச்சை விடுங்க மச்சான். ஒரு பானை கம்பு இருக்கு. தண்ணிக்கு நான் ஆச்சு," என்றாள் இருளாயி.

ஊர் போய்விட்டது. இருளாயியும் சடையனும் இருந்தார்கள். வண்டியில் ஏற்றிய கூடையிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்ட இருளாயியின் சாம்பல் நிறக் கோழியும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இருளாயி மண்வெட்டியும் குடமும் தேங்காய்ச் சிரட்டையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். மணலைத் தோண்டினாள். கை அயர்ந்துபோகிற ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் தோண்டினாள். குழியின் அடியில் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் மெல்ல ஊறி வந்து நின்றது.

"வந்தியா தாயி," என்றாள் இருளாயி. விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிவிட்டு, மறுபடி ஊறும்வரை காத்திருந்தாள். ஊறியதும் மறுபடி சொன்னாள்: "வந்தியா. நல்லா இரு."

கோழி மணல் திட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் இருளாயி, சிரட்டைக்குச் சிரட்டை இப்படிப் பேசணுமா? குடம் நிறைஞ்சதும் மொத்தமா ஒரு கும்பிடு போட்டா ஆகாதா?"

"குடம் நிறையுமா நிறையாதான்னு பார்த்துக்கிட்டே உக்காந்தா நெஞ்சு அடைக்குதுடி. கையில இருக்கிற சிரட்டையைப் பார்த்தா, வந்திருக்கேன்னு தெம்பா இருக்கு. அதான் பேசுறேன். உனக்கு என்ன நட்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ எனக்கு வைக்கிற தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

இருளாயி சிரித்துவிட்டாள். ஊர் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிப்புச் சத்தம் கேட்டோ, ஈர மணலின் வாசம் பிடித்தோ, கரை மரங்களில் மிச்சம் இருந்த பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காக்கை வந்தது. மைனாக்கள் வந்தன. தோகையெல்லாம் புழுதி படிந்த மயில் ஒன்று நடந்தே வந்தது. கடைசியில் ஒரு புறா வந்து சற்றுத் தள்ளி நின்றது.

"குடம் நிறைஞ்ச பிறகு எங்களுக்கும் ஒரு வாய் கிடைக்குமா?" என்று காக்கை கேட்டது.

"குடிங்க. எனக்கு மட்டுமா ஊறுது?" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள் இருளாயி.

அவள் நகர்ந்ததுதான் தாமதம், பறவைகள் எல்லாம் ஒரே பாய்ச்சலாகக் குழிக்குள் பாய்ந்தன. ஒன்றை ஒன்று மிதித்தன. முதலில் அலகை வைத்த பறவை அதை எடுக்கவே இல்லை. விளிம்பு மணல் சரிந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் குழியும் இல்லை, ஊற்றும் இல்லை. கோழிக்குக் கிடைத்தது வாய் நிறைய மணல்தான்.

மறுநாள் இருளாயி வேறு இடத்தில் தோண்டினாள். அன்றும் அப்படியே ஆனது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

"ஒருத்தர் ஒருத்தரா வந்து குடிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"முன்னால போறவன் எல்லாத்தையும் குடிச்சிட்டா பின்னால நிக்கிறவன் என்ன செய்வான்?" என்றது மயில்.

முன்னால் போனால் தாங்களும் அப்படித்தான் குடிப்போம் என்பது எல்லாப் பறவைகளுக்கும் தெரியும்.

நாளுக்கு நாள் தண்ணீர் கீழே போனது. இருளாயி தன் பங்குக் கூழில் பாதியைச் சடையனுக்கு ஊற்றிவிட்டுத் தோண்ட வந்தாள். பறவைகளை அவள் விரட்டவில்லை. ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், ஆற்றின் நடுவில் இடுப்பளவுக்குச் சரிவாகத் தோண்டி முடித்தாள். அடியில் தண்ணீர் கண் திறந்தது. "வந்தியா..." என்று ஆரம்பித்தவள், மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே சரிவில் சாய்ந்தாள். கண் மூடிவிட்டது. குடம் காலியாகப் பக்கத்தில் உருண்டு கிடந்தது.

பறவைகள் சுற்றி வந்து நின்றன.

"இனிமே தோண்ட ஆள் இல்ல," என்றது காக்கை.

அந்தச் சொல் விழுந்ததும் எல்லாவற்றுக்கும் இறகு விறைத்தது. ஊற்று எதிரே இருந்தது. யார் முதலில் பாய்வது என்பதுதான் பாக்கி.

கோழி ஓடிப்போய் ஊற்றின் முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. ஏன் அப்படிச் செய்தது என்று அதற்கே தெரியாது. தினமும் காலையில் உடைந்த ஓட்டில் தண்ணீர் வைக்கிற கை இப்போது மணலில் மல்லாந்து கிடந்தது. அதை மட்டும்தான் கோழி பார்த்தது.

"நில்லுங்க! இது மூடிப்போச்சுன்னா இன்னொரு ஊற்று கிடையாது. முதல் வாய் இருளாயிக்கு. நான் கொண்டுபோறேன்."

"நீயா? கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா?" என்றது மயில்.

"ஆமா, நான்தான்."

கோழி குனிந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்தது. சிந்திவிடக் கூடாதே என்று தலையை உயர்த்தி, அலகை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டது. மறு நொடி தண்ணீர் தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

மைனா ஒன்று சிரித்தது. கோழியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் கீழே இறக்க மனம் வராமல் அப்படியே அண்ணாந்து நின்றது. மேலே வெளுத்த வானம். மேகம் இல்லை, ஒரு கீற்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. குளிர்ச்சியாக, மெதுவாக, நெஞ்சைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு. இத்தனை நாளும் கோழிக்குத் தெரிந்ததெல்லாம் தாகம் ஒன்று, தாகம் தீர்ந்தது ஒன்று. நடுவில் இருந்த தண்ணீரை அது அறிந்ததே இல்லை.

"வந்தியா," என்றது கோழி. சொல்ல நினைத்துச் சொன்னதல்ல, தானாக வந்துவிட்டது.

குனிந்து பார்த்தது. ஊற்று பழைய அளவுக்கு ஊறி நின்றது.

கோழி இன்னொரு வாய் எடுத்து, சிந்தாமல் கொண்டுபோகலாம் என்று மறுபடி தலையை உயர்த்தியது. மறுபடி உள்ளே போய்விட்டது. மறுபடி ஊற்று நிறைந்தது. இப்போது எல்லாப் பறவைகளும் அதைப் பார்த்தன. ஒரு வாய் எடுத்து, தலை தூக்கி, அது இறங்கும்வரை பொறுத்தால், கீழே அடுத்தவருக்கு ஒரு வாய் ஊறிவிடுகிறது.

"எனக்குக் குடிக்கத்தான் வருது, கொண்டுபோக வரலையே!" என்று கோழி அழாத குறையாகச் சொன்னது.

தள்ளி நின்ற புறா முன்னால் வந்தது. "தலை தூக்கினா உள்ளே போயிருது அக்கா. தூக்காமலே இழுத்தா கழுத்துல நிறுத்தி வச்சுக்கலாம்னு தோணுது. நான் பார்க்கட்டுமா?"

முந்தின நாளிலிருந்து புறாவின் அலகில் ஒரு சொட்டும் படவில்லை. அது அலகைத் தண்ணீரில் வைத்தது, தலையைத் தூக்காமல் இழுத்தது. கழுத்து உப்பியது. கொஞ்சம் அசந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். புறாவின் உடம்பு முழுதும் அந்தத் தண்ணீரைக் கேட்டது. புறா கொடுக்கவில்லை. குனிந்த தலையோடு அடிமேல் அடி வைத்து நடந்துபோய், இருளாயியின் காய்ந்த உதடுகளுக்கு நடுவே அலகை வைத்து, கழுத்தில் இருந்ததை விட்டது. திரும்பி வந்தது. மறுபடி எடுத்தது.

புறா போய் வருகிற இடைவெளியில் மற்றவை ஒவ்வொன்றாகக் குழிக்குள் இறங்கின. ஒரு வாய் எடுக்கும், தலை தூக்கும், நிற்கும், விலகும். மயில் மணலில் படாமல் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. ஒரு வாய் குடித்து அண்ணாந்தது, அப்புறம் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றது. மணல் சரியவில்லை. விளிம்பு நனைந்து கெட்டிப்பட்டது.

இருளாயியின் தொண்டை அசைந்தது. கண் திறந்தாள். எதிரே ஒரு காக்கை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு மைனா. அதற்கு அடுத்தாற்போல் அவளுடைய கோழி.

"என்னடி, எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீங்க? மேகம் வந்திருச்சா?"

"மேகம் இல்ல இருளாயி," என்றது கோழி. "தண்ணி வந்திருக்கு."

அப்போது கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இருளாயீ!" சடையன். போனவளை வெகுநேரமாகக் காணோமே என்று, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தே வந்திருந்தான். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"இருக்கேன் மச்சான்!" என்றாள் இருளாயி. "அங்கேயே இருங்க. தண்ணி கொண்டாரேன்."

அவள் சிரட்டையை எடுத்தாள். ஒரு சிரட்டை குடத்துக்கு, ஒரு வாய் பறவைக்கு. அன்று குடம் நிறையப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் நிறைந்தது. எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் புறா தனக்கென்று ஒரு வாய் குடித்தது. குனிந்து இழுத்துப் பழகிய தலை, அப்போதும் குனிந்தே இருந்தது.

அந்த ஒரே ஊற்று கோடை முடியும்வரை அவர்கள் எல்லோரையும் வைத்துக் காப்பாற்றியது. சடையனின் எலும்பு கூடியது. கழியை ஊன்றி நடந்துவந்து அவனும் மணலில் உட்கார்ந்துகொள்வான். "நம்ம முறை எப்போ?" என்று கேட்பான். "மைனாவுக்குப் பிறகு," என்பாள் இருளாயி.

மழை வந்தது. அவர்கள் செய்ததற்குப் பரிசாக வரவில்லை. காற்று திசை மாறியது, மேகம் வந்தது, பெய்தது. ஊற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆறு கரை புரண்டு ஓடியது. போன சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

வெள்ளம் தெளிந்த ஒரு காலையில் காக்கை கரையில் வந்து நின்றது. "இனிமே எதுக்கு அண்ணாந்து பார்க்கணும்? இவ்வளவு தண்ணி ஓடுது. யாரும் காத்து நிக்கல," என்று சொல்லிக்கொண்டே அலகைத் தண்ணீரில் வைத்துப் பழையபடி ஒரே மூச்சில் குடித்தது. வயிறு நிறைந்தது. இறகை உதறியது. ஆனால் பறந்துபோகவில்லை.

"என்ன அண்ணே?" என்று கேட்டது கோழி.

"வயிறு நிறைஞ்சிருச்சு. ஆனா குடிச்ச மாதிரியே இல்லையே," என்றது காக்கை. பிறகு மறுபடி குனிந்து ஒரே ஒரு வாய் எடுத்து, தலையைத் தூக்கி, அது உள்ளே இறங்குகிறவரை அசையாமல் நின்றது.

"ஆங்," என்றது. "இப்பத்தான் குடிச்சேன்."

அன்று முதல்தான், ஆறு பெருகி ஓடினாலும் உடைந்த ஓட்டில் ஒரு கை தண்ணீர் இருந்தாலும், கோழியும் காக்கையும் மற்றப் பறவைகளும் ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. புறா மட்டும் தலை தூக்காமல் குடிக்கிறது. அதன் கழுத்தில் இருக்கும் தண்ணீரில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு.