கண்ணில் படாத கொரேரா

தனகோபால் முதலாளியின் சொகுசுப் படகில் வேலையாள் எவனும் அவர் கண்ணில் படக்கூடாது. தப்பித்தவறி எதிரே வந்த சமையல்காரர் லோபோவை நேற்று ஏதோ ஒரு தீவில் இறக்கிவிட்டார். அதிலிருந்து காலடிச் சத்தம் கேட்டாலே, தளம் துடைக்கும் கொரேரா சுவர் மறைவில் ஒளிந்துகொள்வான்.

இன்று குளிக்க இறங்கிய முதலாளியை நீரோட்டம் இழுத்தது. அலறினார். விருந்தாளிகள் மேலே கையைப் பிசைந்து நின்றார்கள். சுவர் மறைவிலிருந்து கயிறு கட்டிய மிதவை பறந்து வந்தது. பிடித்துக்கொண்டார். கயிறோ அசையவில்லை.

"இழுடா."

"வெளியே வந்தாத்தானே இழுக்க முடியும் முதலாளி. பார்த்தா இறக்கிவிட்டுருவீங்களே," என்றது மறைவிலிருந்து கொரேராவின் குரல்.

"மாட்டேன், வாடா."

"லோபோ அண்ணன்?"

முதலாளி ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தார். "அவனையும் ஏத்திக்கிறேன்."

விருந்தாளிகள் காதில் அது நன்றாக விழுந்தது. கொரேரா வெளியே வந்து இழுத்துப் போட்டான்.

மூச்சு வாங்க முதலாளி அவன் முகத்தைப் பார்த்தார். "நீ எப்படா சேர்ந்தே?"

"நாலு வருஷமாச்சு முதலாளி."