மேனேஜரின் கைராசி

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆலை. அதன் ஆபீசில் மேனேஜர் தண்டபாணி வைத்ததுதான் சட்டம். ஆபீஸ் பென் டிரைவ்களுக்கெல்லாம் உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் போட வேண்டும் என்று தன் மச்சானிடமிருந்து ஒரு புரோகிராம் வாங்கி வந்தார். அதை ஓடவிட்டாலோ, பாதியிலேயே திரை நீலமாகி கம்ப்யூட்டர் நின்றுவிடும். செருகியிருந்த பென் டிரைவும் செத்துப்போகும். அப்படியே இரண்டு போய்விட்டன.

"புரோகிராம்லதான் கோளாறு சார்" என்றாள் அதை ஓடவிட்ட டைப்பிஸ்ட் அமுதவல்லி.

"புரோகிராம் தங்கம்! உன் கைராசிதான் சரியில்ல. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுகூடக் கெடாம மிச்சத்த முடி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!" அன்றைக்கு ஆபீசுக்கு வந்திருந்த முதலாளியம்மாவின் காதில் விழட்டும் என்றே கத்தினார்.

அமுதவல்லிக்கு முகம் சிவந்தது. எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"என் கை ராசியில்லாத கையாவே இருக்கட்டும் சார். உங்க கை நல்ல கை. கழுத்துல தொங்குதே உங்க சொந்த பென் டிரைவ், அதைச் செருகி நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

தண்டபாணி சட்டென்று அதைப் பொத்திக்கொண்டார். "ஐயய்யோ! என் மக கல்யாண போட்டோ மொத்தமும் இதுலதான் இருக்கு. போச்சுன்னா யார் திருப்பித் தருவா?"

"தங்கமான புரோகிராமாச்சே சார், எப்படிப் போகும்?"

ஆபீசே சிரித்தது. முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"அமுதவல்லி, அந்தப் புரோகிராம முதல்ல அழிச்சிடும்மா. தண்டபாணி, உங்க மச்சான வரச் சொல்லுங்க. வரும்போது அந்தப் புரோகிராமோட அவரு சொந்த பென் டிரைவையும் எடுத்துட்டு வரட்டும், முதல்ல அதுல ஓட்டிப் பாப்போம்."