ஈச்சமடு விரால் சிவப்புச் சட்டை போட்ட கதை

முதலில் ஒரு விடுகதை. தலையைப் பார்த்தால் பாம்பு, உடம்பைப் பார்த்தால் மீன். தண்ணீரில் குடியிருக்கும், மூச்சுவிட மேலே வரும். பிள்ளையாக இருக்கும்போது சிவப்புச் சட்டை, பெரிதானால் கறுப்புச் சட்டை. அது என்ன?

விரால் என்று சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். சரி, அந்தச் சிவப்புச் சட்டையை அதற்குக் கொடுத்தது யார்? அது தெரியாதவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், மூன்று மலைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈச்சமடு என்று ஒரு சின்ன ஏரி இருந்தது. இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். அவ்வளவுதான் அகலம். அங்கிருந்து அடுத்த ஊருக்கு இரண்டு நாள் காட்டுவழி நடக்க வேண்டும். கரையில் ஏழு வீடுகள். ஏழு வீட்டுக்கும் மடு மீன்தான் சாப்பாடு. யாரிடமும் வலை கிடையாது. தூண்டில் மட்டும்தான்.

மடுவுக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. சின்ன மீன் மாட்டினால் தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்; பெரிய மீனை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது ஒன்று. தூண்டில் யார் கையில் இருந்ததோ மீன் அவருடையது; அதை என்ன செய்வது என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். இது இன்னொன்று.

முதல் வழக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமை கூட. "குஞ்சைத் தொடுற கையில்ல நம்ம கை" என்று மார்தட்டிக்கொள்வார்கள்.

அப்படி இருந்தும் மீன் குறைந்துகொண்டே வந்தது. காலையில் போட்ட தூண்டில் தக்கை மாலை வரை அசையாமல் மிதந்தது. மீன் இல்லாத ஊரில் என்ன வேலை என்று ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டு மலையிறங்கியது. ஏழு வீடு மூன்றானது.

அந்த மூன்றில் ஒன்று கொற்றானுடைய வீடு. அவனுக்கு மருதி என்று ஒரே மகள், ஒன்பது வயது. மருதிக்கு அந்த மடுவை விட்டுப் போக மனமில்லை. எந்தப் பாறைக்கடியில் தண்ணீர் சில்லென்று இருக்கும், எந்த மூலையில் கோரைப்புல்லுக்குள் தவளை கத்தும் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று காலை கொற்றான் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம். ஒண்ணும் மாட்டலைன்னா நாளைக்கு நாமளும் கிளம்பிட வேண்டியதுதான்."

அம்மா பாயைச் சுருட்டிக் கட்டிவைத்திருந்தாள். மருதி தூண்டிலை எடுத்துக்கொண்டு கோரை மூலைக்குப் போனாள்.

மண்புழுவைக் கோத்துப் போட்டாள். வெயில் ஏறியது. திடீரென்று தக்கை ஒரே முங்காக முங்கியது. மருதி பாறையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். கழி வில்லாக வளைந்தது. வந்து விழுந்தது ஒரு விரால், அவள் கையின் நீளம்!

"அப்பா! அப்பா, ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டே அதைக் கூடைக்குள் போட்டாள்.

"கத்தாதே, காது வலிக்குது" என்றது விரால். "முதல்ல இந்த முள்ளை எடு. வாயில முள்ளை வச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

"எடுத்தா ஓடிருவே."

"எப்படி ஓடறது? எனக்குக் கால் இருக்கா என்ன?"

அதுவும் சரிதான் என்று மருதி முள்ளைக் கழற்றினாள்.

"மேலே கொஞ்சம் ஈரப்புல் போடு. நான் மத்த மீன் மாதிரி இல்லை, கரையில ரொம்ப நேரம் தாங்குவேன். அதுக்குள்ள பேசி முடிச்சிடலாம். அந்தக் கோரைப்புல் பக்கம் பார், என்ன தெரியுது?"

மருதி குனிந்து பார்த்தாள். "சேறுதான் தெரியுது."

"சேறு இல்லை, என் பிள்ளைங்க, நான் அதுங்களுக்கு அப்பன். நல்லாப் பார்."

இன்னும் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. சேற்று நிறத்தில் கடுகு கடுகாகக் குஞ்சுகள், திசைக்கொன்றாக அலைந்துகொண்டிருந்தன.

"இதுங்களோட அம்மா எங்கே?" என்று கேட்டாள் மருதி.

"போன வாரம் உங்க வீட்டுக் குழம்புல."

அந்தக் குழம்பை மருதி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

"சாப்பிட்டதுக்குக் கோவமில்லை" என்றது விரால். "நானும் தவளை தின்கிறவன்தான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. குஞ்சைத் தொடமாட்டோம், பெரிசைத்தான் எடுப்போம்னு பெருமையடிக்கிறீங்களே, அந்தப் பெரிசுதான் குஞ்சுக்குக் காவல். காவலை எடுத்துட்டா நீங்க விட்ட குஞ்செல்லாம் எங்கே போகும்? கெளுத்தி வாயில பாதி, நீர்க்காகம் வாயில மீதி."

அதற்குள் கொற்றான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கூடைக்குள் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடி என் ராசாத்தி! மூணு வீட்டுக்கும் போதுமே!"

மருதி விரால் சொன்னதையெல்லாம் சொன்னாள். கொற்றான் தலையைச் சொறிந்தான்.

"அது சொல்றது சரியாத்தான் படுது. ஆனா மேலே நிக்கிற நமக்கு எது குஞ்சு வச்சிருக்கிற மீன், எது தனி மீன்னு எப்படித் தெரியும்? குஞ்சு சேத்துல சேறா கிடக்கு. அடையாளம் ஏதாவது காட்டச் சொல்லு."

"அடையாளத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றது விரால்.

மருதி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குன்றிமணி மாலை. மழைக்காலம் முழுக்கக் காடு சுற்றிப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கோத்தது. உடம்பெல்லாம் சிவப்பு, ஓரத்தில் கண் வைத்தாற்போல் ஒரு கறுப்புப் பொட்டு. அவள் நூலைப் பட்டென்று அறுத்து, மணிகளைக் கோரை மூலையில் தூவினாள்.

மணி விழுந்த இடத்துக்கெல்லாம் குஞ்சுகள் தீனி என்று ஓடி வந்தன. மூக்கால் முட்டின, உடம்பை உரசின. உரசிய குஞ்செல்லாம் சிவந்தது, கண் மட்டும் கறுப்பாகவே நின்றது. தண்ணீரில் யாரோ நெருப்பைக் கொட்டியதுபோல அந்த மூலையே செக்கச்செவேலென்று ஆனது.

"அழகாத்தான் இருக்கு" என்றது விரால். "ஆனா உங்களுக்குத் தெரியறது நீர்க்காகத்துக்கும் தெரியுமே, அம்மணி!"

சொல்லி வாய் மூடவில்லை. எதிர்க்கரை மரத்திலிருந்து நீர்க்காகம் கழுத்தை நீட்டியது.

"ஆகா! இத்தனை நாள் சேத்தைக் கிளறிக் கிளறி அலகு தேஞ்சுபோச்சு. இன்னிக்குத் தட்டுல வச்சுக் கூப்பிடறாங்க. காவல்காரன் வேற கூடையில இருக்கான்!" என்று சிறகை விரித்தது.

"ஒரே இடமா ஒட்டிக்கிட்டு நில்லுங்க! தனியா போகாதீங்க!" என்று விரால் கூடைக்குள்ளிருந்து கத்தியது. குஞ்சுகள் நடுங்கிப்போய் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பந்துபோல் திரண்டன. விரால் மருதியைப் பார்த்தது.

"என்னை விட்டா அதுங்களுக்குக் கீழேயே கிடப்பேன். சிவப்பு வெளுத்து, தன் வயித்தைத் தானே பார்த்துக்கிற வயசு வர்ற வரைக்கும் ஒரு முழம் நகரமாட்டேன். அப்புறம் வந்து தூண்டில் போடுங்க, மாட்டினவன் மாட்டட்டும். சிவப்புக்குப் பக்கத்துல மட்டும் போடாதீங்க."

கொற்றான் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"நல்ல ஏற்பாடுதான்" என்றான். "அடுத்த மீன்ல இருந்து அப்படியே செய்யலாம். இது ஒண்ணை மட்டும் கொண்டுபோயிடுவோம், என்ன? உங்கம்மா அடுப்பு மூட்டிட்டா."

பிறகு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். மடுவின் வழக்கத்தை அவன் மீற முடியாது.

"சரி, உன் தூண்டில், உன் மீன். நீயே சொல்லு."

நீர்க்காகம் பாதி மடுவைத் தாண்டிவிட்டது.

இன்றைக்கும் மழை பெய்த பிறகு குளத்தோரம் போய்ப் பாருங்கள். விரால் குஞ்சுகள் சிவப்புப் பந்தாகத் திரண்டு, ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நீந்தும். மூச்சுவிட மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் இருக்கும். அதற்கு நேர் கீழே பெரிய விரால் கிடக்கும். கையை நீட்டினால் பாய்ந்து முட்டும். சிவப்பு வெளுத்த பிறகுதான் பிள்ளைகளைத் தங்கள் வழியில் போகவிடும். ஈச்சமடுவில் இப்போது ஏழு வீடும் இருக்கிறது, கூட நான்கு வீடும் இருக்கிறது. காலையில் தூண்டில் போட்டால் வெயில் ஏறுவதற்குள் தக்கை முங்கிவிடும். ஆனால் சிவப்பு தெரிகிற இடத்தில் தூண்டில் போட அங்கே ஒருவர் கையும் எழாது.

எல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதிலிருந்துதான். அன்று மருதி கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, அன்றைய சாப்பாட்டுக்குக் கிழங்கு தோண்டப் போனாள்.