அலகு துடைத்த கொம்பு

குளக்கரை மாமரத்தில் செவந்தி என்றொரு பூஞ்சிட்டு குடியிருந்தது. உடம்பு கட்டைவிரல் அளவுதான். வாயோ காடு கொள்ளாது.

அந்த மரம் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். கோடை வந்தால் மானும் முயலும் எருமையும் அதன் நிழலில்தான் விழுந்து கிடக்கும். ஆனால் மரத்தைக் கவனிக்க இரண்டே பேர்தான்: மந்தி அங்கம்மாளும் கரடி மொக்கையனும். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, கூலியும் கிடையாது. தாமாகவே வரும், பட்ட கிளையை ஒடிக்கும், வேருக்கு மண் அணைக்கும், பேசாமல் போகும்.

அந்த வருஷம் மாமரத்தில் புல்லுருவி பிடித்துவிட்டது. மரத்தின் சாற்றைக் குடித்தே கொழுக்கிற செடி அது. கொம்புக்குக் கொம்பு அது பசேலென்று தழைக்க, மாவிலைகள் காய்ந்து உதிர்ந்தன. இப்படியே விட்டால் அடுத்த கோடைக்கு மரம் இருக்காது.

செவந்திக்கு இது எங்கே தெரிந்தது? புல்லுருவிப் பழம் என்றால் அதற்கு உயிர். கூட்டைக்கூட ஒரு புல்லுருவிக் கொத்தில்தான் தொங்கவிட்டிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

ஒருநாள் காலையில் கரடி ஒரு கொம்பைத் தாங்கிப் பிடித்தது. மந்தி அதைப் பல்லால் கடித்து அறுத்தது. கொம்பு புல்லுருவியோடு கீழே விழுந்தது.

“அடப் பாவிகளா! பச்சை மரத்தை வெட்டுறீங்களே, உங்க கை விளங்குமா?” என்று கத்தியது செவந்தி.

“மரம் பிழைக்கத்தான் தாயி,” என்றது கரடி. “செடியை மட்டும் பிய்ச்சா திரும்ப முளைச்சிரும். கொம்போட எடுத்தாத்தான் போகும்.”

“வந்துட்டாரு பெரிய வைத்தியரு! என் கூடு இருக்கிற கொம்பைத் தொட்டுப் பாருங்க, கண்ணைக் கொத்திருவேன்.”

மந்தி அண்ணாந்து பார்த்தது. கூட்டுக்குள் இரண்டு சின்ன வாய்கள் திறந்து மூடின.

“உன் பிள்ளைங்க பறக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே வரமாட்டோம், போதுமா?” என்றது மந்தி.

சொன்ன சொல் தவறவில்லை. மற்றக் கொம்புகளை மட்டும் பார்த்துப் பார்த்து அறுத்தன. அறுத்த இடத்தில் குளத்துக் களிமண்ணை அப்பின. செவந்தியும் சும்மா இருக்கவில்லை, தினமும் வசவு பாடியது.

“தொண்டை வறண்டிருக்கும் தாயி. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்து திட்டு,” என்று சிரிக்கும் கரடி.

குஞ்சுகள் பறந்துபோயின. அன்று செவந்தி ஆசையாக ஒரு பழம் தின்றது. கொட்டை பசைபோல அலகில் ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல அடுத்த கொம்பில் அலகைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தது. முன்பு துடைத்த கொட்டைகள் அங்கேயே ஒட்டிக் கிடந்தன. ஒன்றிலிருந்து பச்சை முளை கிளம்பி மரப்பட்டைக்குள் இறங்கியிருந்தது.

செவந்திக்குப் பகீரென்றது. கொம்பு கொம்பாகப் பறந்து பார்த்தது. தான் அலகு துடைத்த இடமெல்லாம் புல்லுருவி முளைத்திருந்தது.

நேரே மந்தியிடம் போனது. “அக்கா, மரத்துக்கு இந்தச் சீக்கைக் கொண்டுவந்தது நான்தானா?”

“ஆமா,” என்றது மந்தி.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“நான் அத்தனை பேச்சு பேசினேனே! அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா காடே திரண்டு வந்து உன்னை விரட்டியிருக்கும். பறக்காத பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நீ எங்கே போவே?” என்றது மந்தி. “மரத்துக்கு வேண்டியது கைவேலை. உன்னைத் திட்டினா ஒரு இலையாவது துளிர்க்குமா?”

செவந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கூடு தொங்கிய கொம்பில் போய் உட்கார்ந்தது. “மொக்கையண்ணே, முதல்ல இதை வெட்டுங்க,” என்றது.

அதோடு நிற்கவில்லை. கரடியின் கண்ணிலும் மந்தியின் கண்ணிலும் படாத கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தது. அன்று முதல் எங்கே பழம் தின்றாலும் கரைப் பாறையில் போய்த்தான் அலகைத் துடைத்தது.

அடுத்த கோடையில் மாமரம் காய்த்துக் குலுங்கியது. மானும் முயலும் எருமையும் வழக்கம்போல நிழலில் வந்து படுத்தன. மரம் எப்படிப் பிழைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மரத்தின்மேல் வேலையாக இருந்த மூன்று பேரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

குற்றம் யாருடையது என்று தேடி நிற்காமல், கெட்டதைச் சரிசெய்யக் கைகொடுப்பவரே மெய்யான தொண்டர்.