விரலிடுக்கு

“மனுஷன் இந்த அண்டத்துல ஒரு தூசு. இதைத்தானே நான் ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்? போன வாரம் ஒரு பொம்பளை பாதிப் பேச்சுல எழுந்து போயிட்டா. அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்மா?”

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மாசிலாமணி கேட்டுவிட்டார்.

தையல்நாயகி நிமிரவில்லை. ஓடையோரப் பாறையில் குப்புறப் படுத்து, அதன் குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர் அவர். வேலையை விட்டுவிட்டு இந்தக் காட்டோரம் வந்து தங்கிவிட்டார். தவளை, பாசி, பூச்சி என்று ஏதாவது ஒன்றைப் பார்த்தபடியே நாள் போகும். மாசிலாமணி அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் தையல்நாயகிதான் குரு. மேடைகளில் மாசிலாமணி முழங்குவதெல்லாம் இந்தப் பாறையில் உட்கார்ந்து கேட்டவைதான்.

“யார் அந்தப் பொம்பளை?”

“யாரோ ஒருத்தி. கூட்டத்துக்கு வந்தவ.”

“எந்த இடத்துல எழுந்தாங்க?”

“கையைப் பத்திப் பேசிட்டிருந்தேன்.”

“பேசுங்க, கேக்கறேன்.”

மாசிலாமணிக்கு அது போதும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். வலது கையை உயர்த்தி விரல்களை அகல விரித்தார். குரல் தானாகவே மேடைக் குரலாயிற்று.

“மீனோட துடுப்புதான் நம்ம கை! கோடானுகோடி வருஷமா இயற்கை செதுக்கிச் செதுக்கித் துடுப்பை விரலாக்குச்சு. அம்மா வயித்துல நமக்கும் முதல்ல துடுப்புதான். நடுவுல இருக்கிற சதை அழிஞ்ச பிறகுதான் விரல் பிரியுது. பிரிஞ்ச விரல்தான் தீ மூட்டுச்சு, ஏர் பிடிச்சுது, வீணை மீட்டுச்சு...”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா எழுந்து போனாங்க?”

மாசிலாமணி கையை இறக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தார்.

தையல்நாயகி வற்புறுத்தவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தார்.

“இந்தத் தண்ணி சாயங்காலத்துக்குள்ள வத்திடும். வாங்க, கொஞ்சம் கை கொடுங்க.”

குழிக்குள் ஒரு விரற்கடை ஆழத்துக்குத்தான் தண்ணீர். அதில் கறுகறுவென்று தலைப்பிரட்டைகள் நெளிந்தன. ஆடி மழைக்குப் பிறந்தவை. சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைவிட்டிருந்தது. அந்த இடுக்கில் செம்பை விட்டு மொள்ள முடியாது. கையால்தான் அள்ள வேண்டும். அள்ளிக்கொண்டு, கொதிக்கும் பாறைகளைத் தாண்டி, கீழே இருந்த ஆழமான மடுவில் விட வேண்டும்.

“இயற்கை அதுபாட்டுக்கு நடக்குது. நாம குறுக்கே போகலாமாம்மா?”

“நாம மட்டும் வேற எங்கிருந்து வந்தோம்? குனிங்க.”

மாசிலாமணி இரண்டு கைகளையும் குவித்து அள்ளினார். உள்ளங்கையில் ஏழெட்டு உயிர்கள் துடித்தன. சில எட்டு வைப்பதற்குள் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. விரல்களுக்கு நடுவே ஒன்று வழுக்கிப் பாறையில் விழுந்தது. அவர் பதறிக் குனிவதற்குள் அது துள்ளி, சுருண்டு, அடங்கிவிட்டது.

“அது போச்சு. மத்ததையாவது கொண்டு போங்க,” என்றார் தையல்நாயகி.

அடுத்த முறையும் அப்படித்தான் ஒழுகியது.

“விரலை ஒட்டி வையுங்க.”

மாசிலாமணி சட்டென்று அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் வேறு பொருள் எதுவும் இல்லை. அவருடைய கண் தண்ணீர் மேலேயே இருந்தது.

“இன்னும் நல்லா. இடுக்கே தெரியக் கூடாது.”

அவர் விரல்களை இறுக்கினார். தண்ணீர் நின்றது. குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு கையை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது அவருடைய கை அல்ல.

கால் நகரவில்லை.

“அம்மா... அது என் தங்கச்சி.”

“எது?”

“எழுந்து போனவ. அஞ்சுகம். ரெண்டு கையிலயும் அவளுக்குப் பிறவியிலேயே விரல் ஒட்டியிருக்கும்.”

தையல்நாயகி அவருடைய கைகளைப் பார்த்தார்.

“தண்ணி ஒழுகுது. நடங்க.”

நடந்தார். மடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி அள்ளினார். வெயில் சாயும் வரை இருவரும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். முன்னால் போகும் குருவின் முதுகைப் பார்த்தபடியே மாசிலாமணி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

“கூட்டம் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்துச்சு. சிரிக்க வைக்கலாம்னு நெனச்சேன்.”

தையல்நாயகி ஒரு வழுக்குப் பாறையைத் தாண்டி இறங்கினார்.

“சில பேருக்கு மட்டும் இயற்கை பாதி வேலையிலயே கடையைச் சாத்திட்டுப் போயிடும்னு சொன்னேன்.”

மடுவருகே வந்து கையை நீருக்குள் தாழ்த்தியபோதுதான் மிச்சமும் வெளியே வந்தது.

“எங்க வீட்லயே ஒரு துடுப்பு இருக்குன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“நல்லாவே சிரிச்சாங்க.”

“தங்கச்சி வந்திருந்தது தெரியுமா?”

“தெரியாது. அதுக்கு முன்னாடி அவ என் பேச்சைக் கேக்க வந்ததே இல்லை. சிரிப்பு ஓய்ஞ்ச பிறகுதான் பார்த்தேன். எங்க ஊர்லயிருந்து வந்திருந்த சில பேர் திரும்பி அவளைப் பார்த்தாங்க. புதுப் புடவை கட்டியிருந்தா. முந்தானைக்குள்ள கையை இழுத்துக்கிட்டு எழுந்தா.”

“நீங்க என்ன செய்தீங்க?”

தலைப்பிரட்டைகள் கையை விட்டு நழுவி ஆழத்துக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மாசிலாமணி இன்னும் கையை வெளியே எடுக்கவில்லை.

“பேச்சைத் தொடர்ந்தேன்,” என்றார்.

பாறைக் குழியில் இப்போது ஈரச் சேறு மட்டும்தான் இருந்தது. தையல்நாயகி காலைக் கழுவிக்கொண்டு புறப்பட்டார். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

“அவகிட்டப் போய் நான் என்னம்மா சொல்றது?”

குரு திரும்பிப் பார்த்தார்.

“அங்க போயும் பேசத்தான் போறீங்களா?”

மறுநாள் காலை அஞ்சுகத்தின் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார் மாசிலாமணி. அவள் வாசலில் சாக்கை விரித்து அதில் கம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அண்ணன் என்று தெரிந்ததும் அவளுடைய இரண்டு கைகளும் முந்தானைக்குள் போயின.

ஊர் முன்னால் அவள் கையை மறைத்து அவர் பார்த்திருக்கிறார். அவர் முன்னால் மறைத்ததே இல்லை.

“வாண்ணே. என்ன, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? சாப்பிட்டியா?”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் பேசக் கூடாது, பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனாலும் நாக்கு கேட்கவில்லை.

“அஞ்சுகம், அன்னிக்கு நான்...”

அதற்கு மேல் வரவில்லை.

அஞ்சுகம் கம்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“தப்பா எடுத்துக்காதேண்ணே. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. உள்ள உக்கார முடியலை. ஆனா நான் பாதியில வீட்டுக்கு வந்துடலை. வெளிய வேப்பமரத்துல ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்கல்ல? அதுக்கடியிலயே நின்னு முழுசையும் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“கடைசியில சொன்னியே, எறும்பு, யானை, மனுஷன் எல்லாமே ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு. அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. எவ்வளவு நல்லாப் பேசுறேண்ணே நீ!”